பைத்தான் ஸ்கிரிப்டுக்கு ஒரு சின்ன சி லாஞ்சர்

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தோலின் சதுர அடியைப் பார்ட்டிவாரியாகக் கூட்ட ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். ஆனால் கணக்குப்பிள்ளைக்கு வேண்டியது டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான். ஐகானைத் தட்டினால் ஸ்கிரிப்டை ஓட்டிவிடும் லாஞ்சர் ஒன்றை ஐம்பது அறுபது வரியில் சி புரோகிராமாக எழுதி எக்ஸி ஆக்கிவிடலாம். கணக்கு முழுதும் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும். ரேட் மாறும்போதெல்லாம் கம்பைல் செய்யத் தேவையிருக்காது.

ஒரே ஃபோல்டரில் எக்ஸி, ஸ்கிரிப்ட், அதற்குள் 'பை' என்றொரு ஃபோல்டர். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பைத்தானின் விண்டோஸ் எம்பெடபிள் ஜிப்பை அதில் பிரித்துப் போடுங்கள். இதில் பிப் (லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் கருவி), டிக்கிண்டர் (விண்டோ வரையும் லைப்ரரி) இரண்டும் வராது. விண்டோ திறக்கும் ஸ்கிரிப்ட் என்றால் முழு பைத்தானையே இன்ஸ்டால் செய்து, அதன் பாதையைக் கொடுங்கள்.

லாஞ்சர் முதலில் தான் இருக்கும் இடத்தை 'கெட்மாட்யூல்ஃபைல்நேம்-டபிள்யூ' என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் கேட்டு, கடைசி பின்சாய்கோடு வரை வெட்டிக்கொள்ள வேண்டும். நடப்பு ஃபோல்டரை நம்பக் கூடாது, ஷார்ட்கட் அதை மாற்றிவிடும். பிறகு பைத்தான்-டபிள்யூ எக்ஸியின் (கறுப்புத் திரை இல்லாமல் ஓடும் பைத்தான்) பாதை, ஸ்கிரிப்டின் பாதை, இரண்டையும் தனித்தனியே இரட்டை மேற்கோளில் கோத்து, தனக்கு வந்த ஆர்க்யுமென்டை அப்படியே பின்னால் ஒட்டுங்கள். மேற்கோள் விட்டுப்போனால் 'தோல் கணக்கு' என்ற ஃபோல்டரில் இடைவெளியோடு பாதை அறுந்துவிடும். பெயர் டபிள்யூவில் முடியும் யூனிகோட் வகை ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள். ஏ-வில் முடியும் பழைய வகையில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகிவிடும்.

கோத்த வரியை, இன்னொரு புரோகிராமை ஓட்டும் 'கிரியேட்பிராசஸ்-டபிள்யூ' ஃபங்ஷனின் இரண்டாவது ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். அந்த ஃபங்ஷன் அதன்மேல் எழுதக்கூடும். மாற்ற முடியாத ஸ்டிரிங்கைக் கொடுத்தால் கிராஷ் ஆகும். வரியின் உச்ச நீளம் 32,767 எழுத்து. எட்டாவது ஆர்க்யுமென்ட், முன்பு வெட்டிய லாஞ்சரின் ஃபோல்டர். திரும்பி வருவது 0 என்றால் எரர் எண்ணை மெசேஜ் பாக்ஸில் காட்டுங்கள். 2, 3 என்றால் பெரும்பாலும் பாதை தப்பு. சரியாக ஓடினால் முடியும்வரை காத்திருந்து, எக்ஸிட் கோடை வாங்கித் திருப்பி, அந்த ஃபங்ஷன் தந்த பிராசஸ், த்ரெட் ஹேண்டில் இரண்டையும் மூடுங்கள். மிங்டபிள்யூ ஜிசிசி என்ற சி கம்பைலரில் 'எம்யூனிகோட்', 'எம்விண்டோஸ்' ஆப்ஷன்களோடு கம்பைல் செய்தால் கறுப்புத் திரை வராது.

அதிகம் படுத்துவது எம்பெடபிள் பைத்தானின் பிடிஎச் கோப்பு (பெயர் ._pth என்று முடியும், மாட்யூல்களை எங்கே தேடுவது என்று வரிவரியாகச் சொல்வது). அது இருக்கும்வரை ஸ்கிரிப்டின் ஃபோல்டர் இம்போர்ட் பாதையில் சேராது. பக்கத்திலேயே இருக்கும் மாட்யூலைக்கூட 'காணோம்' என்னும். அந்தக் கோப்பில் இரண்டு புள்ளி மட்டும் கொண்ட வரி ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

பைத்தான்-டபிள்யூவில் எரர் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே எரர் வெளியீட்டை யுடிஎஃப்-8 லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். சின்டாக்ஸ் எரர் மட்டும் அதிலும் சிக்காது, அதற்குச் சாதாரண பைத்தான் எக்ஸியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஃபோல்டரைப் பென்டிரைவில் வேறொரு கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெயரில் இடைவெளி வைத்து, ஒரு கோப்பை ஐகான்மேல் இழுத்துப் போட்டுப் பாருங்கள்.