சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு கிரிப் மாத்துறது எப்படி

என் வலது கை நடுவிரல் முட்டியில ஒரு சின்ன தழும்பு இருக்கு. .44 மேக்னம்னு ஒரு பலமான தோட்டா போட்டு சுட்ட முதல் நாள் வாங்குனது, அஞ்சாவது ரவுண்டுலயே தோல் உரிஞ்சு ரத்தம் வந்துடுச்சு, டிரிக்கர சுத்தி இருக்குற வளையம், அதாவது டிரிக்கர் கார்டோட பின்பக்கம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நங்கு நங்குன்னு இடிக்குது, நான் என்னடான்னா உதைதான் ஜாஸ்தி போல நமக்கு இது ஒத்து வராதுன்னு துப்பாக்கியையே வித்துடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். கடைசில பாத்தா தோட்டா மேல தப்பே இல்ல, கூட வந்த கிரிப், அதாவது கைப்பிடி, என் கைக்கு ரொம்ப ஒல்லி, அவ்ளோதான். கைப்பிடியோட ரெண்டு பக்கமும் இருக்குற மரத்துண்டு (பேனல்னு சொல்வாங்க) மாத்துனதும் அதே துப்பாக்கி வேற துப்பாக்கி ஆயிடுச்சு. அழகுக்கு மாத்துறவங்க மாத்திக்கட்டும், ஆனா நான் சொல்லப்போறது உதைச்ச பிறகு துப்பாக்கி உங்க கையில எங்க வந்து உக்காருதுங்கறத பத்தி.

இந்த கிரிப்போட வடிவம் ரொம்ப பழசு. 1873ல வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வர் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மில இருந்து அப்படியே வருது, அதுக்கு முந்துன கோல்ட் ரிவால்வர்லயும் கிட்டத்தட்ட இதே வளைவுதான். இங்கிலீஷ்ல இத கலப்பையோட கைப்பிடின்னுதான் சொல்றாங்க, நம்ம மொழில மேழி. வளைவ பாத்தீங்கன்னா பேர் சரியாதான் இருக்கும். சுட்டதும் இது நேரா பின்னால வராது, உள்ளங்கைக்குள்ள மேல் நோக்கி உருளும், உருண்டு வரும்போதே ஹேமர் (பின்னால இருக்குற, தோட்டாவ அடிக்கிற சுத்தியல்) உங்க கட்டைவிரலுக்கு பக்கத்துல வந்துடும், அப்படியே இழுத்து காக் பண்ணி துப்பாக்கிய கீழ இறக்குனா அடுத்த குண்டுக்கு ரெடி. ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமர கையால இழுக்க வேண்டிய இந்த மாதிரி சிங்கிள் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு இத விட புத்திசாலித்தனமான வடிவம் கிடையாதுங்கறது என் அபிப்பிராயம். ரூகர் கம்பெனி 1953ல சிங்கிள் சிக்ஸ், 1955ல பிளாக்ஹாக்னு கொண்டு வந்தப்பவும் இந்த வளைவத்தான் எடுத்துக்கிட்டாங்க. இதுக்கு மாத்தா பிஸ்லின்னு ஒரு வடிவம் இருக்கு, கோல்ட் 1894ல டார்கெட் சுடுறவங்களுக்காக செஞ்சது, பேரு இங்கிலாந்துல இருக்குற பிஸ்லி ரேஞ்ச்ல இருந்து வந்தது. பின்னாடி ரூகர் அதே பேர்ல செஞ்ச பிஸ்லி கிரிப் கொஞ்சம் நிமிந்து நிக்கும், உதை உருளாம நேரா உள்ளங்கைக்கு வரும், கனமான லோடு (பலமா உதைக்கிற தோட்டா) சுடுறவங்க நிறைய பேர் அதத்தான் விரும்புவாங்க. ஆனா அதுக்கு ஃப்ரேமையே மாத்தணும், வெறும் பேனல் மாத்துறதோட முடியாது. இங்க பேனல் கதைய மட்டும் பாப்போம்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க கைய பாருங்க. துப்பாக்கிய காலி பண்ணி (காலி பண்றது எப்படின்னு கீழ வரும், அத படிக்காம இத செய்யாதீங்க) சுடுற மாதிரியே புடிங்க. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற அந்த சதை பேக்ஸ்ட்ராப் (கைப்பிடியோட பின்பக்க இரும்பு) மேல நல்லா உக்காந்து இருக்கா, பிடிய மாத்தாம கட்டைவிரல் ஹேமர் வரைக்கும் போகுதா, ஆட்காட்டி விரலோட நுனி சதை டிரிக்கர்ல படுதா இல்ல மடிப்புல போய் மாட்டுதா. இப்ப நடுவிரலுக்கும் டிரிக்கர் கார்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்குன்னு பாருங்க. ஒட்டிக்கிட்டு இருந்தா சுடும்போது கண்டிப்பா இடிக்கும், என் தழும்பே சாட்சி. கிரிப் ஒல்லியா இருந்தா விரலெல்லாம் சுத்தி வந்து உள்ளங்கைய தொடும், உதை மொத்தமும் பேக்ஸ்ட்ராப்போட அந்த ஒல்லி விளிம்பு வழியாதான் கைக்கு வரும், அதான் வலிக்குது. தடியா இருந்தா உதை பரவி வரும் ஆனா விரல் டிரிக்கருக்கு எட்டாம நீங்க கைய பக்கவாட்டுல திருப்பி புடிக்க ஆரம்பிச்சுடுவீங்க, அப்புறம் குண்டு எங்க போகுதுன்னு கேக்காதீங்க. சுண்டுவிரலுக்கு இடம் இல்லன்னா பதறவேண்டாம், நிறைய பேர் சுண்டுவிரல கிரிப்புக்கு கீழ மடிச்சு வெச்சுதான் சுடுறாங்க, எனக்கும் அதான் பழக்கம்.

மெட்டீரியல் விஷயத்துல எல்லாருக்கும் ஒரு கட்சி இருக்கு. ரப்பர் வாங்கலாமான்னு கேப்பீங்க. ரப்பர் கைய விட்டு நழுவாது, அது உண்மை, ஆனா இந்த வகை துப்பாக்கில நழுவாம இருக்குறதே ஒரு தொல்லை, உருள வேண்டிய துப்பாக்கி உருளாம கைத்தோலையும் சேத்து இழுத்துட்டு போகும், ஹேமருக்கு கட்டைவிரல் எட்ட ஒவ்வொரு தடவையும் பிடிய மாத்தணும். கனமான லோடு மட்டும், நிதானமா, ஒண்ணு ஒண்ணா சுடுறவங்களுக்கு ரப்பர் சரி. மத்தவங்களுக்கு வழவழப்பான மரம்தான். செக்கரிங்னு கட்டம் கட்டமா செதுக்குனது பாக்க ஜோரா இருக்கும், .22லயும் மெதுவான .45 கோல்ட்லயும் ஒண்ணும் தெரியாது, மேக்னம்ல ஒரு பெட்டி தோட்டா முடியறதுக்குள்ள உள்ளங்கை தேங்காத்துருவில வெச்ச மாதிரி ஆயிடும். மான்கொம்பு ரசிகர்கள் இருக்காங்க, நம்ம கடமான் கொம்புதான் அதுல ராஜா, ஆனா இந்தியா அத ஏற்றுமதி பண்றத தடை பண்ணிட்டதால பழைய ஸ்டாக் மட்டும் கைமாறுது, விலையும் அதுக்கேத்த மாதிரிதான். தந்தம் பக்கம் போகவே போகாதீங்க, சட்டமும் விடாது மனசாட்சியும் விடக்கூடாது.

சரி வேலைக்கு வருவோம். தோட்டாவ எல்லாம் வேற ரூம்ல வெச்சுட்டு வாங்க, மேஜை மேல ஒண்ணு கூட இருக்கக்கூடாது. கோல்ட் மாதிரியான துப்பாக்கின்னா ஹேமர ஹாஃப் காக்ல (பாதி இழுத்த நிலைல) வெச்சாதான் சிலிண்டர் சுத்தும், அப்புறம் லோடிங் கேட்ட (தோட்டா போடுற சின்ன கதவு) திறங்க, 1973க்கு அப்புறம் வந்த ரூகர் நியூ மாடல்னா ஹேமர தொடவே வேண்டாம், கேட்ட திறந்தாலே சுத்தும். ஒவ்வொரு அறையா சுத்தி எஜெக்டர் ராட (தோட்டாவ வெளிய தள்ளுற கம்பி) தள்ளி தோட்டாவ வெளிய எடுங்க, எடுத்த பிறகும் மறுபடி ஒரு ரவுண்டு சுத்தி கண்ணால பாருங்க, விரல் நுனியாலயும் தொட்டுப் பாருங்க. அதோட விடாதீங்க, சிலிண்டர் சுத்துற அச்சு, அதாவது பேஸ் பின்னோட லாட்ச அமுக்கி பின்ன உருவி சிலிண்டரையே வெளிய எடுத்து தனியா வெச்சுடுங்க. சிலிண்டர் இல்லாத ரிவால்வர் வெறும் இரும்பு, அதுக்கப்புறம் நிம்மதியா வேலை பாக்கலாம். ஹாஃப் காக்ல இருந்த ஹேமர கட்டைவிரலால முழுசா பின்னால இழுத்து, புடிச்சுக்கிட்டே டிரிக்கர அமுக்கி மெதுவா இறக்கிடுங்க.

இப்ப ஸ்க்ரூடிரைவர். வீட்டு டூல்பாக்ஸ்ல இருக்குற சாதா ஸ்க்ரூடிரைவரோட நுனி ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும், ஸ்க்ரூவோட பள்ளத்துல அது மேல் விளிம்ப மட்டும்தான் புடிக்கும், கொஞ்சம் அழுத்துனா வழுக்கி வெளிய வந்து மரத்துல ஒரு கோடு போட்டுட்டு போகும். துப்பாக்கி வேலைக்குன்னே நுனியோட ரெண்டு பக்கமும் இணையா தீட்டுன பிட் கிடைக்கும், பள்ளத்துக்குள்ள டைட்டா, அகலம் ஸ்க்ரூ தலைய தாண்டாம இருக்குறத எடுங்க. இந்த வேலைக்கு ஒரே ஒரு செலவுதான் பண்ணுவேன்னா இதுக்கு பண்ணுங்க.

பேனல் ரெண்டையும் சேத்து புடிச்சிருக்குறது நடுவுல குறுக்கா போற ஒரே ஒரு ஸ்க்ரூதான். அத முழுசா கழட்டிட்டு பேனல் விளிம்புல எதையாவது குத்தி நெம்பத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். நானும் அதத்தான் பண்ணேன், வால்நட் மரத்துல ஓரமா ஒரு சில்லு தெறிச்சு எங்கயோ போயிடுச்சு, முட்டி போட்டு அரை மணி நேரம் தரையில தேடியும் கிடைக்கல. அப்படி செய்யாதீங்க. ஸ்க்ரூவ நாலஞ்சு சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, தலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அந்த தலை மேல ஸ்க்ரூடிரைவரோட பிளாஸ்டிக் கைப்பிடியால மெதுவா தட்டுங்க, எதிர்ப்பக்க பேனல் தானா கிளம்பி வரும். அது வந்ததும் ஸ்க்ரூவ முழுசா எடுத்துட்டு இந்தப்பக்க பேனல உள்ளுக்குள்ள இருந்து விரலால தள்ளுனா போதும். ஒரு எச்சரிக்கை, ரொம்ப பழைய கோல்ட்லயும் அதோட சில காப்பிலயும் கிரிப் ஒரே துண்டு மரமா இருக்கும், பக்கவாட்டுல ஸ்க்ரூவே தெரியாது. அதுக்கு பேக்ஸ்ட்ராப்ப கழட்டணும், ஹேமருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அடியில ஒண்ணுன்னு மொத்தம் மூணு ஸ்க்ரூ, எது எங்க இருந்து வந்துச்சுன்னு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டே கழட்டுங்க.

பேனல் போனதும் உள்ள ஸ்ப்ரிங் எல்லாம் தெரியும். ரூகர் நியூ மாடல்ல டிரிக்கர் ஸ்ப்ரிங்கோட ரெண்டு கால் ஒரு குறுக்கு பின் மேல உக்காந்து இருக்குறத பாப்பீங்க. அதுல ஒரு கால எடுத்து விட்டா டிரிக்கர் லேசாகும்னு ஊர் உலகமே சொல்லும். நீங்க கிரிப் மாத்த வந்திருக்கீங்க, அதோட நிறுத்திக்கோங்க. தெரியாம கை பட்டு கழண்டிருந்தா திருப்பி பின் மேல ஏத்தி விடுங்க. இவ்ளோ நாள் சேந்த அழுக்கையும் கரியையும் துடைச்சுட்டு ஃப்ரேம்ல மெல்லிசா எண்ணெய் தடவுங்க, மரத்துக்கு அடியில வேர்வை இறங்கி துரு பிடிக்கிற இடம் அது.

புது பேனல் வாங்கும்போது மாடல் பேர மட்டும் நம்பாதீங்க. ரூகர்ல ஆரம்பத்துல வந்த கிரிப் ஃப்ரேம் ஒண்ணு, 1963 வாக்குல மாத்துனது வேற ஒண்ணு, சூப்பர் பிளாக்ஹாக்கோடது இன்னும் நீளம், ஒண்ணோட பேனல் இன்னொண்ணுல உக்காராது. ஃப்ரேமோட அடியில சின்னதா ஒரு பின் நீட்டிக்கிட்டு இருக்கும், பேனல் ஆடாம நிக்கறதுக்கு அதுதான் ஆதாரம், புது பேனலோட உள்பக்க ஓட்டை அந்த பின்னுல சரியா உக்காருதான்னு முதல்ல பாருங்க. உக்காரலன்னா ஸ்க்ரூவ முறுக்கி இழுத்து உக்கார வெக்க பாக்காதீங்க, மரம் விரிஞ்சுடும். பின்னோட நுனில கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவி பேனல வெச்சு அமுக்கி எடுத்தா எங்க இடிக்குதுன்னு சிவப்பா அச்சு விழும், அந்த இடத்த மட்டும் சுரண்டி எடுங்க. அச்சு, சுரண்டல், மறுபடி அச்சு. எனக்கு ஒரு பேனலுக்கு பதினோரு தடவை ஆச்சு, பொறுமை இல்லாம பன்னெண்டாவது தடவைக்கு வேண்டியதையும் சேத்து பதினொண்ணுலயே சுரண்டியிருந்தா பேனல் லொடலொடன்னு ஆடியிருக்கும்.

உக்காந்ததும் ஓரங்கள விரலால தடவிப் பாருங்க, மரம் இரும்ப விட கொஞ்சம் தூக்கி நிக்கும், தடியான ரெடிமேட் பேனல்ல அது சகஜம், அப்படி நின்னாதான் நல்லதும் கூட, குறைச்சலா இருந்தா ஒட்ட வெக்கவா முடியும். இரும்பு மேல மாஸ்கிங் டேப்ப ரெண்டு அடுக்கு ஒட்டி, பேனல ஃப்ரேம்லயே மாட்டி வெச்சு, 220 நம்பர் உப்புத்தாள ஒரு சின்ன மரக்கட்டைல சுத்தி தேய்ங்க. வெறும் விரலால தேய்ச்சா ஓரம் உருண்டுடும். டேப்ப தொடப்போகுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தி பேனல கழட்டி 320, 400, 600ன்னு போங்க. ரோஸ்வுட், கோகோபோலோ மரம், கொம்பு, சிப்பி இதெல்லாம் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்த தூசி மூச்சுக்குழாய பதம் பாத்துடும், கோகோபோலோ சிலருக்கு தோல்லயே தடிப்பு வரவெக்கும். கைக்கு எங்க இடிக்குதோ அங்க மட்டும் கூடுதலா எடுக்கலாம், நான் என் கட்டைவிரல் படுற மேல் பகுதிய ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறக்குனேன், அதுக்கே ஹேமர் எட்டுறதுல வித்தியாசம் தெரிஞ்சுது.

ஃபினிஷுக்கு டங் ஆயில் இல்ல லின்சீட் ஆயில், துணில ரெண்டு சொட்டு எடுத்து மெல்லிசா தேய்ச்சு மிச்சத்த துடைச்சுட்டு ஒரு நாள் காய விடுங்க, அப்படி நாலஞ்சு கோட். தடியா பூசுனா பிசுபிசுன்னு நாள் கணக்குல காயாது. அந்த எண்ணெய் துணிய உருண்டையா சுருட்டி குப்பைக்கூடைல போட்டுடாதீங்க, லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், சுருட்டி வெச்ச துணி தானா தீப்பிடிக்கும், நிஜமாவே. விரிச்சு வெளிய காய போட்டுட்டு அப்புறம் தூக்கி போடுங்க.

மாட்டும்போது ஸ்க்ரூவ விரலாலயே ஆரம்பிங்க, மரை சரியா ஏறுதுன்னு தெரிஞ்ச பிறகு ஸ்க்ரூடிரைவர். பேனல் ஆடாம நின்னதும் இன்னொரு கால் சுத்து, அவ்ளோதான், அதுக்கு மேல முறுக்குனா கிர்ருன்னு ஒரு சத்தம் கேக்கும், அது மரம் அழற சத்தம். சிலிண்டர் இல்லாமலே ஹேமர மெதுவா இழுத்து, கட்டைவிரலால புடிச்சே இறக்கிப் பாருங்க, எங்கயாவது உரசுற மாதிரியோ பாதில நிக்கற மாதிரியோ இருந்தா பேனலோட உள்பக்கம் ஸ்ப்ரிங்லயோ ஹேமர்லயோ படுதுன்னு அர்த்தம். கழட்டி பாத்தா மரத்துல பளபளன்னு ஒரு கோடு விழுந்திருக்கும், அந்த இடத்துல குடைஞ்சு விடுங்க. இது சரியாகாம ரேஞ்சுக்கு எடுத்துட்டு போகவே கூடாது.

ரேஞ்ச்ல முதல்ல மெதுவான லோடு, ஒரே ஒரு தோட்டா போட்டு ஆரம்பிங்க. குண்டு விழற இடம் மாறியிருந்தா பயப்படாதீங்க, குண்டு குழாய விட்டு வெளிய போறதுக்குள்ளயே துப்பாக்கி மேல எழும்ப ஆரம்பிச்சுடுது, புது கிரிப் அந்த எழும்புறத மாத்துது, அதனால உயரம் மாறத்தான் செய்யும். பின்னாடி இருக்குற சைட் (குறி பாக்குற பகுதி) அட்ஜஸ்ட் பண்ற வகைன்னா ரெண்டு ஸ்க்ரூ திருப்பி சரி பண்ணிக்கலாம், கோல்ட் மாதிரி வெறும் பள்ளம் மட்டும் உள்ளதுன்னா வேற எடையுள்ள குண்டு போட்டுத்தான் பாக்கணும், பொதுவா கனமான குண்டு மேல போய் விழும். அம்பது ரவுண்டு முடிஞ்சதும் ஸ்க்ரூவ ஒரு தடவை தொட்டுப் பாருங்க, புது மரம் உதைல கொஞ்சம் அமுங்கி லூஸாகி இருக்கும், திரும்ப திரும்ப லூஸானா நீலக்கலர் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழண்டு வராம புடிக்கிற பசை) ஒரு சொட்டு போடலாம், சிவப்பு வேண்டவே வேண்டாம், அப்புறம் சூடு பண்ணாம கழட்டவே முடியாது. பழைய பேனலையும் அதோட ஸ்க்ரூவையும் ஒரே கவர்ல போட்டு வைங்க, சில புது செட்டோட ஸ்க்ரூ நீளம் வேற, ஆறு மாசம் கழிச்சு எது எதோடதுன்னு தெரியாம முழிப்பீங்க.