சிர் பைனில் பிசின் எடுக்கும் முறை: மரத்தைக் கெடுக்காமல்

இமயமலைச் சரிவுகளில், சுமார் 450 முதல் 2,300 மீட்டர் உயரம் வரை வளரும் சிர் பைன் 50 மீட்டர்கூட எட்டும் மரம். கொத்துக்கு மூன்றாக இருக்கும் நீண்ட ஊசியிலைகளே அடையாளம். கட்டுமானம், பெட்டிப் பலகை, மருந்தேற்றிய ரயில் கட்டை என மரத்துக்குப் பல பயன்கள் உண்டு. உத்தராகண்ட், இமாச்சல் பகுதிகளில் நின்ற மரமே காசு தருவது பிசினால்தான். உள்ளூரில் அதை லீசா என்பார்கள். காய்ச்சி வடித்தால் பெரும்பகுதி ரோசின் என்ற கெட்டிப் பொருளாகவும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டர்பன்டைன் எண்ணெயாகவும் பிரியும்.

பழைய முறையில் வாய்ச்சியால் கட்டை வரை குடைந்து, வாராவாரம் அந்தக் குழியைப் பெரிதாக்கினார்கள். பல மரங்கள் அந்த இடத்திலேயே காற்றில் முறிந்தன. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ரில் முறையில் மேலோட்டமான கீறல் போதும். ஆழமாக வெட்டினால் பிசின் கூடும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலில் மரத்துக்கு முதல் எதிரி. புதிய பிசின் வருவது வெளிக்கட்டையிலிருந்து. உள்ளே குடைவது வீண்.

மார்ச் நடுவில் தொடங்கி நவம்பர் வரை எடுக்கலாம். வனத்துறை அனுமதி பெற்று, நெஞ்சுயரத்தில் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேலுள்ள மரங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து 15 செ.மீ. மேலே, சுமார் 30 செ.மீ. அகலத்துக்கு, வெளிப்பட்டையின் சொரசொரப்பை மட்டும் சீவுங்கள். உள்பட்டையைத் தொடக்கூடாது. சீவிய பரப்பின் நடுவே நேர்கோடு இழுங்கள். அதன் அடியில் துத்தநாகம் பூசிய தகட்டை வடிகாலாகப் பதித்து, கீழே கிண்ணத்தை ஆணியில் மாட்டுங்கள்.

அடியிலிருந்து தொடங்கி, கீறல் கத்தியை நடுக்கோட்டுக்கு 40 பாகைச் சாய்வில் பிடித்து, இருபக்கமும் மேல்நோக்கி இழுத்தால் ‘V’ வடிவம் வரும். கட்டைக்குள் ஆழம் 2 மி.மீ. போதும். கீறல் கிடையாகப் படுத்தால் பிசின் நடுக்கோட்டுக்கு ஓடாமல் கீறலிலேயே தேங்கி உறைந்துவிடும். கத்தி மழுங்கியிருந்தால் நார் கிழிந்து பிசின் குழாய்கள் அடைபடும். ஆகவே சாணைக்கல் கையோடு இருக்கட்டும்.

கீறியவுடன் 20 சதவீதக் கந்தக அமிலமும் 10 சதவீத நைட்ரிக் அமிலமும் சம அளவில் கலந்த நீர்மத்தை, கீறல் நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். பிசின் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் தடுப்பதே இதன் வேலை. நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஒழுகும்படி அடித்தால் உள்பட்டை வெந்து, காயம் ஆறவே ஆறாது.

வாரம் ஒருமுறை முந்தைய கீறலுக்குச் சற்று மேலே புதிதாகக் கீறுங்கள். கிண்ணத்தையும் அடிக்கடி காலி செய்யுங்கள். வெயிலில் டர்பன்டைன் ஆவியாகிவிடும், ஊசியிலையும் பட்டைத்தூளும் விழுந்தால் ரோசினின் நிறம் கறுத்து விலை இறங்கும். ஒரு மரத்தில் இரண்டு முகம் (சீவிக் கீறும் பரப்பு) வைப்பதானால் நடுவே குறைந்தது 10 செ.மீ. உயிருள்ள பட்டை விடுபட வேண்டும். மரத்தைச் சுற்றிப் பட்டை அறுந்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்காது. அளவாகச் செய்தால் ஆண்டுக்கு ஒரு மரம் ஏறத்தாழ 3 முதல் 6 கிலோ தரும். நவுணி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்ட துளை முறையில் பிசின் மூடிய பைக்குள் சேர்வதால் சுத்தமாகக் கிடைக்கும். துளையிடும் கருவி கிடைத்தால் அதுவே எங்கள் தேர்வு.

சிர் பைனின் கனத்த பட்டை சாதாரணத் தரைத்தீயைத் தாங்கும். பிசின் காய்ந்த முகம் தாங்காது: அங்கேதான் தீ பற்றி அடிமரத்தைக் குடையும். நவம்பரில் தகடு, ஆணி, கிண்ணம் எல்லாவற்றையும் கழற்றி, முகத்தில் ஒட்டியதைச் சுரண்டி எடுங்கள். தீக்காலம் பிப்ரவரி நடுவில் தொடங்கும்; அதற்கு முன் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் இரண்டு மூன்று மீட்டருக்கு உதிர்ந்த ஊசியிலைகளை வாரி அகற்றுங்கள். வாரியதைக் காட்டிலேயே கொளுத்தாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பரப்பலாம், கரிக்கட்டி செய்வோருக்கும் கொடுக்கலாம்.