போர்ட்டல் கட்டக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். நீங்கள் கட்டப்போகும் போர்ட்டலுக்குள், அதாவது பலர் லாகின் செய்து ஆளுக்கொரு வேலை செய்யும் இணையதளத்துக்குள், யார் யார் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். சேரன்மகாதேவியில் என் வீட்டு முன்னறைக்குச் சாயங்காலம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் வேலை இதுதான். "அக்கா, நல்ல புத்தகம் எது?" என்று கேட்பவர்களிடம் அந்தத் தாளைத்தான் திருப்பிக் கேட்பேன்.

என் தாளில் இருந்தது பாய். என் மதினிக்குப் பிறந்த ஊர் பத்தமடை. அவளுக்குத் தெரிந்த பெண்கள் சிலர் கோரைப்பாய் நெய்கிறார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு வெளியூரிலிருந்து ஆர்டர் வரும். நெய்கிறவர் பாயின் படத்தை ஏற்ற வேண்டும், வாங்குகிறவர் பெயர்களை எழுதி ஆர்டர் போட வேண்டும், மதினி இரண்டையும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆக, மூன்று வகை ஆட்கள், மூன்று பேருக்கும் வேறு வேறு பக்கம். சாதாரண வலைப்பக்கம் போர்ட்டலாக மாறும் இடம் இதுதான்.

அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொருளடக்கத்தைப் படியுங்கள். லாகின், உள்ளே வந்தவர் யார் என்பதை நினைவில் வைக்கும் செஷன், யாருக்கு எந்த உரிமை என்று பிரிப்பது, படம் ஏற்றுவது, தேடல், கடைசியில் சர்வரில் ஏற்றுவது இதெல்லாம் இருக்கிறதா? பாதிப் புத்தகம் ஹெச்டிஎம்எல் குறிகள், லூப் போன்ற அடிப்படைகளுக்கே போய், லாகினுக்கு எட்டுப் பக்கம்தான் மிச்சம் என்றால் அது வேறு தேவைக்கான புத்தகம். உரிமை பிரிப்பதற்குத் தனி அத்தியாயம் இருந்தால் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். எழுதியவர் உண்மையிலேயே ஒரு போர்ட்டலைக் கட்டியவர் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அடுத்தது புத்தகத்தின் வயது. 2016இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், வலைத்தளம் கட்ட உதவும் நிரல்மொழியான பிஹெச்பிக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். தடிமனான புத்தகம், தெளிவான நடை. டேட்டாபேஸ் அத்தியாயத்தை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தேன். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று திரை சொன்னது. மூன்று ராத்திரி என் தட்டச்சில்தான் பிழை என்று தேடினேன். காரணம் வேறு. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸோடு பேச அந்தப் புத்தகம் பயன்படுத்திய பழைய ஃபங்ஷன்களை 2013இல் வந்த பிஹெச்பி 5.5 கைவிடச் சொல்லிவிட்டது, 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7 அடியோடு நீக்கிவிட்டது. என் கணினியில் இருந்தது 7.

அன்றிலிருந்து பிஹெச்பி புத்தகம் என்றால் முதலில் டேட்டாபேஸ் அத்தியாயத்தைத்தான் திறப்பேன். 'மைஎஸ்க்யூஎல்' என்பதை அடுத்து நேராக அடிக்கோடும் 'கனெக்ட்'டும் வந்தால் மூடி வைத்துவிடலாம். நடுவில் ஒரு 'ஐ' இருந்தாலோ, பிடிஓ என்று இருந்தாலோ, அவை பழையதற்கு மாற்றாக வந்தவை, மேலே படிக்கலாம். ஆனால் அதோடு நிற்காதீர்கள். வாங்குகிறவர் திரையில் உள்ள பெட்டியில் எழுதியதைப் புத்தகத்தின் நிரல் அப்படியே எஸ்க்யூஎல் வரியோடு, அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையோடு, ஒட்டுகிறதா, 'பிரிப்பேர்' வழியாகத் தனியே அனுப்புகிறதா என்று பாருங்கள். ஒட்டினால், ஒரு ஒற்றை மேற்கோள் குறியை வைத்தே எவரும் உங்கள் வரியின் அர்த்தத்தை மாற்றி, அடுத்தவர் விவரங்களை உருவிவிட முடியும். பாஸ்வேர்டை எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 என்ற பழைய முறை கொண்டு சேமிக்கச் சொல்லும் புத்தகத்தையும் நான் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. அதற்கென்றே உள்ள பாஸ்வேர்ட் ஹாஷ் ஃபங்ஷன் பிஹெச்பி 5.5இலேயே வந்துவிட்டது.

பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் படிப்பவர்களுக்கு இன்னும் எளிது. பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. பக்க முகவரிகளைப் 'பாத்' ஃபங்ஷன் கொண்டு எழுதியிருந்தால் ஜாங்கோ 2.0 அல்லது அதற்குப் பிந்தையது. பழைய 'யுஆர்எல்' ஃபங்ஷன் 4.0இல் போய்விட்டது.

பழைய புத்தகத்தில் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். டேபிள்களை எப்படிப் பிரிப்பது, ஒன்றோடு ஒன்றை எப்படி இணைப்பது என்பதை நான் கற்றது 2016இல் வாங்கிய அதே பழைய புத்தகத்தில்தான். அந்த அத்தியாயம் இன்றும் பிள்ளைகளிடம் கைமாறிக்கொண்டிருக்கிறது.

நம் ஊருக்கு போர்ட்டல் கட்டுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தமிழ். 'நெல்லை' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. நீளத்தை எண்ணும் பிஹெச்பியின் ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் 18 என்று சொல்லும், ஏனென்றால் தமிழைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது எழுத்தை அல்ல, பைட்டுகளை எண்ணுகிறது. எம்பி ஸ்ட்ர்லென் 6 என்று சொல்லும், அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. கிராஃபீம் ஸ்ட்ர்லென்தான் நாம் எண்ணுகிற மாதிரி 3 என்று சொல்லும். பாயில் பெயர் நெய்ய இடம் அளவானது. இத்தனை எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று தடுக்கும்போது தப்பான ஃபங்ஷனைப் போட்டால் 'முத்துலட்சுமி' பாதியில் வெட்டுப்பட்டு, முடிவில் உடைந்த குறி நிற்கும். கல்யாணப் பாயில் அப்படி நடந்தால் மதினி எப்படி முகம் கொடுப்பாள்? இந்த எம்பி, கிராஃபீம் ஃபங்ஷன்களையும், டேபிளில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையாக யுடிஎஃப்8எம்பி4 வைப்பதையும் சொல்லித் தருகிற புத்தகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தமிழ்ப் புத்தகமா, ஆங்கிலமா என்று கேட்டால், தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் வாசிப்பைத் தமிழிலேயே தொடங்கட்டும். ஒன்று மட்டும் பாருங்கள். செஷனை 'அமர்வு' என்று மட்டும் எழுதி மூலச் சொல்லைக் காட்டாத புத்தகம், திரையில் பிழை வரும்போது கைகொடுக்காது.

இத்தனையும் தேறினால் கடைசியாக ஒரு அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து பாருங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தால் இரவல் எடுங்கள். இல்லையென்றால் நண்பர் யாரிடமாவது கேளுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நடுவிலிருந்து லாகின் அத்தியாயத்தை எடுங்கள். முதலில் உள்ளபடியே ஓட்டுங்கள். அப்புறம் அதன் உதாரணத்தை எடுத்துவிட்டு உங்கள் தாளில் உள்ளதைப் போடுங்கள். நான் அப்படி நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் இருந்த மாணவர், ஆசிரியரை எடுத்துவிட்டு நெய்கிறவர், வாங்குகிறவரைப் போட்டேன். மூன்றாவதாக மதினியைச் சேர்த்ததும் உடைந்தது. ஏன் உடைந்தது என்பதற்கு விடை அதே அத்தியாயத்தில் இரண்டு பக்கம் முன்னால் இருந்தது. அன்றைக்கே நூலகப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கினேன்.