குடும்பக் கதையை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"எங்க தாத்தா தாது வருசத்துல பொறந்தவரு" என்று அப்பத்தா சொன்னதைச் சித்தப்பா வம்சாவளி நோட்டில் 1936 என்று எழுதி வைத்திருந்தார். அப்பத்தா பிறந்ததே 1931இல்! தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அவர் சொன்ன தாது 1876, பஞ்சம் பிடித்த தாது. வருஷப் பெயர் காதில் விழுந்தால் முந்தைய இரண்டு சுற்றையும் எழுதி, சொன்னவரின் வயதோடு ஒட்டிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய குழி ஆள் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முத்தையா மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடி கருப்பையா என்று போகும். கொழும்புக்குப் போய்ச் சம்பாதித்தவர் ஒரு கருப்பையா, கிணறு வெட்டியவர் இன்னொரு கருப்பையா. சொல்லிச் சொல்லி இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள், நடுவிலிருந்த முத்தையா காணாமல் போவார். பத்திரத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அதிலும் இருவருமே 'முத்தையா குமாரர் கருப்பையா'தான். பத்திரத் தேதியும் மனைவி பெயரும்தான் பிரித்துக் காட்டும். அந்த மனைவி பெயரைத்தான் பெரும்பாலான வம்சாவளிகளில் எழுதுவதே இல்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். எந்த ஊரில் எடுத்த பெண், யாருக்கு எத்தனையாவது தாரம் என்பதெல்லாம் வீட்டுக் கிழவிகளுக்கு அத்துப்படி. நாம்தான் தாத்தாக்களிடம் மட்டும் போய் உட்காருகிறோம்.

பர்மா கதை உள்ள வீடுகளில் இரண்டு பயணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். ஜப்பான் படைக்குப் பயந்து காடு மலை நடந்து வந்தது 1942. கையிலிருந்த 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போய்க் கப்பலேறி வந்தது 1964.

'ராஜா பெண் கேட்டார், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம், ஆறு விலகி வழிவிட்டது' என்ற கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பல சாதிகளில் இதே கதை உண்டு. அந்த ராஜா யாரென்று தேடி அலைவதும் வீண், கட்டுக்கதை என்று மொத்தமாகத் தள்ளுவதும் தப்பு. எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், புது ஊரில் குலசாமியை வைக்கப் பிடிமண் எந்தக் கோயிலில் எடுத்தார்கள் என்பதைக் கதையிலிருந்து பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

"நாம ஜமீன் வம்சம்தானே?" என்று கேட்காதீர்கள். பேரன் முகம் வாடப் பொறுக்காமல் பெரியவர் ஆமாம் என்றுவிடுவார். "ஒங்க தாத்தா என்ன சோலி பாத்தாரு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். போனில் பதிவு செய்து, வந்த சொல்லை வந்தபடியே எழுதுங்கள். அப்பத்தா 'ஓடியாந்தோம்' என்றதைச் சித்தப்பா 'குடிபெயர்ந்தோம்' என்று மாற்றியிருந்தார். போன சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளி வீட்டு ஆச்சி ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். "குடிபெயரவா செஞ்சாக? வெத நெல்லையும் தின்னுபுட்டு ஓடியாந்தாக" என்றார்.