இணைப்புத் திசுக் கோளாறு என்று சந்தேகமா? எங்கே தொடங்குவது

கண்ணுக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு ஒருவர், முதுகு வளைவுக்கு இன்னொருவர் என்று தனித்தனியாகக் காட்டுவதால்தான், மூட்டு, தோல், கண், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் இந்த நோய்கள் பல வருடம் பிடிபடாமல் போகின்றன. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே பார்த்திருப்பார், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து யோசிக்க யாருக்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. அதனால் முதலில் ஒரு தாளை எடுங்கள். சின்ன வயதிலேயே ஏறிய கிட்டப்பார்வை, அடிக்கடி நழுவும் மூட்டு, குடலிறக்கம், நுரையீரல் திடீரென்று சுருங்கியது, லேசாகப் பட்டாலே கன்றிப்போகும் தோல், ஆறிய பின்னும் மெலிந்து அகலமாக நிற்கும் தழும்பு, எல்லாவற்றையும் வயதோடு எழுதுங்கள்.

அப்புறம் குடும்பத்தில் விசாரியுங்கள். இளம் வயதில் திடீரென்று இறந்தவர் உண்டா? "மாரடைப்பு" என்று சொல்லிவிட்ட மரணம் உண்மையில் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், கிழிந்ததாக இருந்திருக்கலாம். ஆனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது, இவற்றில் ஒன்றான மார்ஃபான் நோய் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மரபணு மாற்றம் அவரிடமே புதிதாகத் தோன்றியது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவையும் உண்டு. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடினால் அதன் நகம் முழுவதும் மறுபக்கம் வெளியே தெரிகிறதா? ஒரு மணிக்கட்டை மறுகையால் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தை முழுவதும் மூடுகிறதா? மூட்டுத் தளர்வை அளக்க 9 புள்ளி கொண்ட பெய்ட்டன் ஸ்கோர் இருக்கிறது, பெரியவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் என்றால் தளர்வு அதிகம் என்று பொருள், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 4 போதும். இவையெல்லாம் குறிப்புகள்தான், நல்ல ஆரோக்கியமான பலருக்கும் உடம்பு நன்றாக வளையும்.

சரி, டாக்டரிடம் எதை முதலில் கேட்பது? என்னைக் கேட்டால் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். உயிருக்கு ஆபத்து மகாதமனியில்தான், அது விரிந்துகொண்டே போனாலும் பெரும்பாலும் வலியே இருக்காது, அதனால் மரபணு முடிவுக்காகக் காத்திருந்து எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். கூடவே கண் பாப்பாவை விரித்து லென்ஸ் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனையில் இது தப்பிவிடும். மகாதமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தில் விரிவு, லென்ஸ் நகர்வு, இரண்டும் இருந்தால் மார்ஃபானை உறுதி செய்ய டாக்டர்கள் பயன்படுத்தும், 2010இல் திருத்திய கென்ட் அளவுகோலின்படி அது மார்ஃபான், மரபணு முடிவு இல்லாமலேயே சொல்லலாம். லென்ஸ் மட்டும் நகர்ந்திருந்தால் ஹோமோசிஸ்டினூரியா (ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறிவிடும் பரம்பரை நோய்) இல்லை என்பதை அதன் அளவைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் மகாதமனியைப் பாதிக்கும் இன்னொரு நோயான லோயிஸ்-டீட்ஸ் பக்கம் யோசிக்க வேண்டும்.

மூட்டும் தோலும் தளர்ந்துபோகும் எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற நோயில் ஒரு சிக்கல். 2017 வகைப்பாட்டில் 13 வகைகள், அதிகம் காணப்படும் ஹைப்பர்மொபைல் (மூட்டு மிகவும் வளையும்) வகைக்கு இன்னும் மரபணுப் பரிசோதனை கிடையாது, உடலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ரத்தக்குழாய் வகையிலோ பெரிய மூட்டுகள் தளராமலே இருக்கலாம், ஸ்கோர் குறைவு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

மரபணு அறிக்கையில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அது நோய் உறுதியானதும் இல்லை, இல்லையென்று ஆனதும் இல்லை. உறுதியான மாற்றம் கிடைத்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கலாம், மார்ஃபானில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதற்கிடையில் நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போலத் திடீர் வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், "மகாதமனிச் சந்தேகம் இருக்கிறது" என்று நீங்களே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.