பணியில் வெளியாரால் அடிபட்ட அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் கோட்டைவிடும் இடங்கள்

கடிதம் கொடுக்கப் போன தபால்காரரை வீட்டு நாய் கடித்துவிடுகிறது. சிக்னலில் நின்ற அரசு வண்டியைப் பின்னால் வந்த லாரி மோதுகிறது. அமெரிக்காவில் இப்படிக் காயப்படும் மத்திய அரசு ஊழியருக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. 1916-இல் வந்த மத்திய அரசு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று. தொழிலாளர் துறை அதைக் கவனிக்கிறது. மருத்துவச் செலவும், குடும்பம் அவரை நம்பியிருந்தால் சம்பளத்தில் 75 சதவீதமும் கிடைக்கும். இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்கு. பட்ட வலிக்கும் வேதனைக்கும் அதில் காசு கிடையாது. அதைக் கேட்க வேண்டிய இடம் இன்னொரு கதவு: நாயின் உரிமையாளர் மீதோ லாரி நிறுவனத்தின் மீதோ போடும் வழக்கு.

சொந்த அலுவலகத்தின் மீதே வழக்குப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பணியின்போது தவறு செய்த சக ஊழியர் மீதும் போட முடியாது.

என் மனம் பொறுக்காத தவறு வேறு. மாதாமாதம் இழப்பீடு வருகிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வெளியார் மீதான வழக்குக்கு மாநிலச் சட்டம் வைத்த கெடு அதற்காகக் காத்திருப்பதில்லை. பொதுவாகக் காய வழக்குக்கு நியூயார்க்கில் 3 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 2, டென்னசியில் ஒரே ஆண்டு. தடுக்கி விழுந்த நடைபாதை நகராட்சியுடையது என்றால் அவகாசம் இன்னும் குறைவு: நியூயார்க்கில் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், கலிஃபோர்னியாவில் 6 மாதத்துக்குள் மனு.

'சின்ன அடிதானே' என்று மருத்துவ விடுப்பில் கழித்துவிடுவதும் நடக்கிறது. திடீர்க் காயத்துக்கான சிஏ-1 படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 45 நாள் வரை முழுச் சம்பளம் தொடரும். கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

சாட்சியமும் கரைந்துவிடும். உளுத்துப்போன வாசற்படி உடைந்து விழுந்தீர்கள் என்றால், வீட்டுக்காரர் அந்த வாரமே புதுப் பலகை அடித்துவிடுவார். அன்றே படம் எடுங்கள், எடுக்க முடியாவிட்டால் சக ஊழியரை எடுக்கச் சொல்லுங்கள். ஆணி பெயர்ந்த இடம் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, படி முழுவதும் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று.

பிறகு எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரு காசோலையோடு வரும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிலாளர் துறை உங்களுக்காகச் செலவழித்ததை வழக்கில் கிடைக்கும் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை அடைக்கப் போதாத தொகைக்குச் சமரசம் செய்வதென்றால் முன்கூட்டியே அந்தத் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். 'வலிக்காகக் கிடைத்த பணம், அரசுக்கு அதில் பங்கில்லை' என்ற வாதம் எடுபடாது. 1984-இலேயே உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

கணக்கைக் கண்டு பயந்து வழக்கையே கைவிடுவதும் தவறுதான். ஒரு லட்சம் டாலர் கிடைத்தது, வழக்கறிஞர் கட்டணம் 30,000, செலவு 5,000 என்று வையுங்கள். மீதி 65,000-இல் 20 சதவீதம், அதாவது 13,000, யாரும் தொட முடியாத உங்கள் பங்கு. தொழிலாளர் துறை 40,000 செலவழித்திருந்தாலும், வழக்கறிஞர் கட்டணத்தில் தன் பங்காக 12,000 விட்டுக்கொடுத்து 28,000 மட்டும் வாங்கிக்கொள்ளும். உங்கள் கையில் 37,000 நிற்கும்.

அதை முழுவதும் செலவழித்துவிடாதீர்கள். 65,000-இல் உங்கள் பங்கு 13,000-ஐயும் துறை செலவழித்த 40,000-ஐயும் கழித்தால் மிஞ்சும் 12,000 எதிர்கால இழப்பீட்டுக்கு முன்பணமாகக் கணக்கு வைக்கப்படும். அதே காயத்துக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டால், அந்தத் தொகை தீரும்வரை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். பில்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 12,000 தீர்ந்ததைக் காட்ட அவைதான் கைகொடுக்கும்.