துவக்கப் பகுதி வைரஸிடமிருந்து வன்தட்டைக் காத்தல்

கொழும்பின் பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ பழைய கணினி வாங்குபவர்கள், அதில் எதையும் சேமிக்கும் முன் அதன் துவக்கப் பகுதியைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டில் இது 512 பைட்டுகள் கொண்ட முதல் செக்டர் (வட்டின் சிறு சேமிப்பு அலகு) ஆகும். பணிசெயல் முறைமைக்கு முன்பே இது இயங்குவதால், இங்கே குடியேறும் வைரஸ் தன்னைத் தேடும் மென்பொருளையும் முந்திக்கொள்கிறது. 1986இல் லாகூரில் உருவான 'பிரெய்ன்' என்ற வைரஸ் நெகிழ்வட்டுகளை இவ்வாறே தொற்றியது.

முதலில் பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் வன்தட்டைத் துவக்க வரிசையின் தலையில் வைத்து, கடவுச்சொல் இடுங்கள். மறந்து செருகியிருந்த பென்டிரைவிலிருந்து கணினி தொடங்குவதை இது தடுக்கும். புதிய கணினியாயின், நம்பகமான துவக்க மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' இயங்குகிறதா எனப் பாருங்கள்.

தொற்று இருப்பதாக ஐயம் எழுந்தால், கணினியை முற்றாக நிறுத்தி, துவக்க வரிசையைத் தற்காலிகமாக மாற்றி, தூய கணினியொன்றில் தயாரித்த மீட்புப் பென்டிரைவிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள். வன்தட்டின் பிரிவுகள் தென்பட்டால், கோப்புகளை உடனே வேறொரு வட்டுக்குப் பிரதியெடுங்கள். தென்படாவிடில், துவக்கப் பதிவை (துவக்கப் பகுதியில் எழுதப்பட்டிருப்பதை) மீளெழுதும் கட்டளையை எவர் சொன்னாலும் இடவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 'மங்கி' போன்ற வைரஸ்கள் மூலப் பதிவை மறைகுறியாக்கி வேறிடத்தில் வைத்திருந்தன. அந்நிலையில் மீளெழுதினால் வைரஸோடு கோப்புகளுக்கான வழியும் அற்றுப்போகும். அந்த வைரஸை அறிந்து நீக்கும் மென்பொருளையே பயன்படுத்துங்கள்.